கடலோரப் பழமை விடுதியில் தங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், பழைய மாளிகையைச் சீரமைத்து நடத்தும் விடுதியில் என் தாயாருடன் சில நாட்கள் தங்க விரும்புகிறேன். அங்கே தங்கியவர்கள் சிலர், சுவரில் பூச்சு உதிர்வதாகவும், வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதாகவும் சொல்கிறார்கள். இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டிருக்கிறார்களா?

பதில்: அப்படி உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கடற்காற்று சுமந்து வரும் உப்பும், தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரமும் கடலோரக் கட்டடங்களை ஒருநாளும் விடுவதில்லை. அந்த ஈரம் சுவரின் மேற்பரப்புக்கு வந்து உலரும்போது, அதில் கரைந்திருந்த உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியேற விடுவதால், உதிர்வது பூச்சோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் செங்கல் தப்பிக்கிறது. அதே சுவரில் சிமென்ட் பூசினால் பார்வைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும்; ஆனால் வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி, சுவரில் மேலும் உயரத்துக்கு ஏறி, செங்கல்லையே அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே, தரையை ஒட்டிய பகுதியில் பூச்சு சற்றுப் பொரிந்திருப்பதைப் பார்த்தால், சீரமைத்தவர்கள் முறையறிந்தவர்கள் என்றுதான் நான் முதலில் எண்ணுவேன்.

உண்மையான அலட்சியத்தின் அடையாளங்கள் வேறு. மெத்தையிலும் திரைச்சீலையிலும் பூஞ்சை வாடை வீசுவது, கூரையிலிருந்து இறங்கிய நீர்க்கறை, இரும்பு உத்தரத்தின் நீளத்துக்கு இணையாக ஓடும் விரிசல் ஆகியவற்றைக் கண்டால் கட்டாயம் கேளுங்கள். மூன்றாவது மிக முக்கியமானது. இரும்பு துருப்பிடிக்கும்போது பலமடங்கு பருத்து, தன்னைச் சூழ்ந்த கல்லையும் காரையையும் பிளக்கும். கடலுப்பு அந்தத் துருவை விரைவுபடுத்துகிறது. அப்படிப்பட்ட அறையைக் கொடுத்தால் தயங்காமல் வேறு அறை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விடுதியின் முகப்பில் பழைய ஆண்டு ஒன்றைப் பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள். கட்டடம் உண்மையிலேயே அவ்வளவு பழையதா என்பதை எப்படி அறிவது?

பதில்: விடுதி தொடங்கிய ஆண்டும் கட்டடம் எழுந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கேப் மே என்ற சிறிய கடற்கரை ஊரில் உள்ள காங்கிரஸ் ஹால் விடுதியின் வரலாறு 1816இல் தொடங்குகிறது. ஆனால் மரத்தாலான பழைய கட்டடம் 1878இல் ஊரைத் தாக்கிய பெருந்தீயில் அழிந்துபோயிற்று. மறு ஆண்டு செங்கல்லால் எழுப்பியதே இன்று நிற்கும் கட்டடம். இரண்டு ஆண்டுகளுமே உண்மை. ஆனால் அவை சுட்டுவது வெவ்வேறு பொருள்களை. எந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று விடுதியாரிடம் கேட்பதில் தவறே இல்லை.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்து 1964இல் உருவான வெனிஸ் சாசனம் இதில் தெளிவாக வழிகாட்டுகிறது. சிதைந்த பகுதிக்கு மாற்றாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதே வேளையில் அது புதியது என்று பிரித்தறியவும் முடிய வேண்டும். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அது. பழைய தேக்குக் கதவின் கீழ்ப்பாதியில் வேறு நிறப் பலகை ஒட்டுப்போட்டிருப்பதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். எல்லாமே பளபளப்பாக, ஒரே வயதுடையவைபோல இருந்தால்தான் எனக்கு ஐயம் எழும். எஞ்சியிருந்ததைக் காத்தார்களா, பெயர்த்தெடுத்துவிட்டுப் பழையதுபோல் ஒன்றைச் செய்து வைத்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு, உறக்கமும் மெல்லியது. கடலைப் பார்த்த அறையே சிறந்தது என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: தாயாருக்காக என்றால் தரைத்தளத்தில், முற்றத்தைப் பார்த்த அறையைக் கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது, படிகளும் ஒரே உயரத்தில் இரா. குளியலறையைப் பின்னாளில் நுழைத்திருப்பார்கள் என்பதால், அதன் வாசலில் படியோ உயர்ந்த நிலைப்படியோ உண்டா என்பதையும் முன்பதிவின்போதே விசாரியுங்கள். மாடி மரத்தளமாக இருந்தால் மேலே நடப்பவர்களின் காலடி ஓசை கீழே தெளிவாகக் கேட்கும். ஆகவே தலைக்குமேல் வேறு அறை இல்லாத இடமா என்றும் கேளுங்கள்.

கடலைப் பார்த்த அறையின் அழகை நான் மறுக்கவில்லை. எனினும் உப்புக் காற்றின் தாக்குதலை முதலில் வாங்குவதும், காற்று பலமாக வீசும் நாட்களில் சன்னல்களை இறுக மூடிவைக்க வேண்டியதும் அந்த அறைதான். தவிர, தெளிந்த வானிலையில் பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசுவதால், கடல் பக்கம் மட்டும் சன்னல் உள்ள அறை இரவில் புழுங்கக்கூடும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல்கள் உள்ள அறை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலை வராந்தாவில் அமர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.