தலை ஆபரேஷன் முடிந்து மலைக்குத் திரும்பியவர்களுக்கு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயாளியின் வயதுகூட இல்லை. "தலையில் ஆபரேஷன் செய்தார்கள், இன்னும் சரியாகவில்லை, என்ன செய்வது?" என்று ஒரே வரி. கட்டி எடுத்தார்களா, ரத்தக்கட்டு எடுத்தார்களா, ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்தார்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் ஆபரேஷன் பெயர், தேதி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, இவ்வளவும் எழுதுங்கள். எழுதாதவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

மாமனாருக்குக் கோவையில் மூளைக்கட்டி எடுத்து ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். உடனே ஊட்டிக்கு அழைத்து வரலாமா? மலை ஏறினால் தலைக்குள் பிரஷர் ஏறும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் கேட்காமல் ஏறவும் வேண்டாம். மண்டையோட்டைத் திறந்து மூடும்போது கொஞ்சம் காற்று உள்ளே தங்கும். 2, 3 வாரத்தில் அது தானாகக் கரைந்துவிடும். கோவை 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே இருக்கும் காற்று கிட்டத்தட்ட கால் பங்கு விரியப் பார்க்கும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஊட்டியின் அழுத்தம்தான். ஆபரேஷன் ஆனவரை விமானத்தில் ஏற்றலாமா என்று எல்லோரும் டாக்டரிடம் கேட்கிறார்கள். மலைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது சமவெளியில் இருக்கும் டாக்டருக்கு நினைவில் இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசி சி.டி. ஸ்கேனில் காற்று எவ்வளவு என்று கேளுங்கள். கொஞ்சம்தான் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதிகம் என்றால் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டு வரலாம். மூக்கிலிருந்தோ தையலிலிருந்தோ தண்ணீர் போலச் சொட்டினால் மலை ஏறவே கூடாது, ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீர். அது வெளியே வரும் வழியில் காற்றும் கிருமியும் உள்ளே போகும்.

வளைவுகளில் வாந்தி வரும். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரையும் போயிற்று என்று வையுங்கள். மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் போனில் கேளுங்கள். வாந்தி மாத்திரையை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மண்டையில் டைட்டானியம் தகடு வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் துரு பிடிக்குமா? இடி இழுக்குமா? (மஞ்சூர்)

இரண்டும் இல்லை. குளிரில் அந்த இடம் வலிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கம்பளிக் குல்லா இல்லாமல் வெளியே போகாதீர்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் தகடு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அனூரிசத்துக்கு (மூளை ரத்தக்குழாய் வீக்கம்) கிளிப் போட்டவர்கள் கிளிப்பின் கம்பெனியும் மாடலும் எழுதிய அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.

படுத்தால் தலைக்குள் "டிக் டிக்" என்று சத்தம். தழும்புக்கு மேலே தொட்டால் உணர்ச்சியும் இல்லை. ஆபரேஷன் ஆகி 2 மாதம்.

எலும்பு கூடும் காலத்தில் சத்தம் வரும், சில மாதத்தில் நின்றுவிடும். தோலின் நரம்புகளை வெட்டித்தான் திறந்திருக்கிறார்கள், அதனால் உணர்ச்சி ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் திரும்பும். 6 மாதம், 1 வருடம் ஆகலாம். சின்ன இடம் மரத்தே நின்றுவிடவும் கூடும். அதுவரை அங்கே சூடான ஒத்தடம் வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

பள்ளி ஆசிரியை, வயது 44. மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி) எடுத்து 5 மாதம். ஸ்கேன் நார்மல். ஆனால் மதியம் 2 மணிக்கு மேல் ஒரு வரி படிக்க முடியவில்லை. வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள். (குன்னூர்)

இந்தப் பதிலை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். இது சோம்பேறித்தனம் அல்ல. முன்பு யோசிக்காமல் செய்த வேலைகளையும் இப்போது மூளை முயன்று செய்கிறது, அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறது. ஸ்கேனில் களைப்பு தெரியாது. முதல் 3 முதல் 6 மாதத்தில் வேகமாகத் தேறுவார்கள். அதற்குப் பிறகும் ஒன்றரை, இரண்டு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் மூளை மீது போடுவதற்கு முன் சில ரத்தப் பரிசோதனைகள் செய்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், சோடியம், தைராய்டு, பி12, சர்க்கரை. ஆபரேஷன் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) பக்கத்தில் நடந்திருந்தால் காலை 8 மணிக்குக் கார்டிசோல் என்ற ஹார்மோனும். வாரக்கணக்கில் டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டு) சாப்பிட்டு அதைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் இதே அசதி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். அதைக் களைப்பு என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஃபிட்ஸ் மாத்திரையின் அளவு கூடுதலாக இருந்தாலும் தூக்கம் தள்ளும். அதற்காக நீங்களாகக் குறைக்காதீர்கள், கேட்டுக் குறையுங்கள்.

விடைத்தாள் திருத்துவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் காலையில். 25 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு. ஓய்வு என்றால் கண்ணை மூடிப் படுப்பது, போன் பார்ப்பது அல்ல. மதியத் தூக்கம் 3 மணிக்கு முன்பாக, 40 நிமிடத்துக்கு மிகாமல். டீ மாலை 4 மணிக்குப் பிறகு வேண்டாம். ஒரு நல்ல நாள் கிடைத்ததும் வீட்டையே துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நல்ல நாளிலும் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். வேலைக்குத் திரும்பும்போது முதல் மாதம் அரை நாள் மட்டும்.

கணவருக்கு 8 மாதம் முன்பு மூளைக்கட்டி ஆபரேஷன். ஃபிட்ஸ் மாத்திரை சூடு என்பதால் போன மாதம் நிறுத்திவிட்டோம். தலைவலிக்குக் காலையும் இரவும் நீலகிரித் தைலம் தேய்த்து, அதிலேயே ஆவியும் பிடிக்கிறார். போன வாரம் இரண்டு முறை வலது கை வெட்டி இழுத்தது. நரம்புத் தளர்ச்சி என்று தைலத்தைக் கூட்டித் தேய்க்கிறோம். சரிதானே?

சரியில்லை. ஒவ்வொன்றாகத் தவறு. இதைப் படித்த அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கை வெட்டி இழுத்தது நரம்புத் தளர்ச்சி அல்ல, ஃபிட்ஸ். உடம்பு முழுவதும் துடித்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்றில்லை. ஒரு கை மட்டும் துடிப்பது, வாய் ஒரு பக்கம் இழுப்பது, அரை நிமிடம் பேச்சு வராமல் வெறித்துப் பார்ப்பது, எல்லாமே அதுதான். கட்டி எடுத்தவருக்குப் புதிதாகத் தலைவலியும் ஃபிட்ஸும் சேர்ந்து வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

மாத்திரையில் "சூடு" என்று ஒன்றும் கிடையாது. நீங்களாக நிறுத்தியதுதான் முதல் காரணம். மறுபடி தொடங்குவதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். லாமோட்ரிஜின் போன்ற ஃபிட்ஸ் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே தொடங்கினால் தோல் உரியும் அளவுக்கு அலர்ஜி வரலாம். எந்த மாத்திரை, எத்தனை நாளாக நிறுத்தினீர்கள் என்று சொல்லி, டாக்டர் சொல்லும் அளவில் தொடங்குங்கள்.

அடுத்தது தைலம். இந்த மாவட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலகிரித் தைலம் என்கிற யூகலிப்டஸ் எண்ணெயில் பாதிக்கு மேல் சினியோல் என்ற பொருள். அதுவும் கற்பூரமும் மூளை நரம்புகளைக் கிளறிவிடும் தன்மை உள்ளவை. இரண்டும் கொழுப்பில் கரையும், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ரத்தத்துக்குப் போகும், அங்கிருந்து மூளைக்கும் போகும். ஃபிட்ஸ் வரும் தன்மை இல்லாதவருக்கு, கொஞ்சமாகத் தடவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூளையில் தழும்பு உள்ளவருக்கு அதுவே ஃபிட்ஸைத் தூண்டிவிடலாம். ஆவி பிடிப்பதில் நெடி நேராக மூக்கில் ஏறுகிறது, அதனால் இன்னும் மோசம். குழந்தைகள் இதைக் குடித்துவிட்டால் ஒரு டீஸ்பூனே ஆபத்து.

ஊட்டியில் எந்தக் கடைக்குப் போனாலும் முன்வரிசையில் இந்தப் பாட்டில்தான். உறவினர்கள் நோயாளியைப் பார்க்க வரும்போதும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். அன்போடுதான் தருகிறார்கள், வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள், தலையில் வைக்காதீர்கள். தைலம் மட்டுமல்ல, நெஞ்சில் தேய்க்கும் களிம்பு, தலைவலித் தைலம், மூக்கில் உறிஞ்சும் குச்சி, வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, இவற்றின் அட்டையில் யூகலிப்டஸ், கற்பூரம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேண்டாம். கைக்குட்டையில் ஒரு சொட்டுகூட வேண்டாம். மூடிய அறையில் கற்பூரம் கொளுத்தி அவரைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பூஜைக்கு நெய் விளக்கு போதும்.

சளிக்கு வெறும் வெந்நீர் ஆவி போதும். தலைவலிக்குப் பாராசிட்டமால் 650, ஒரு நாளில் 3 வரை. வாரத்தில் 2, 3 நாளுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.

4 மாதம் முன் ஆபரேஷன். ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தது, மாத்திரை அடிக்கடி மறந்துபோகிறது. வேலைக்காகக் கல்லட்டி வழியாக பைக்கில் மசினகுடி போய்வரலாமா?

கூடாது. இதைக் கேட்க ஒரு கடிதம் தேவையில்லை. கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. அதில் ஒன்றில் அரை நிமிடம் நினைவு தப்பினால் எதிரே வரும் குடும்பமும் உங்களோடு போகும். லைசென்ஸுக்கான படிவம் 1-ல் வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்று கேட்டு உங்களிடமே கையெழுத்து வாங்குகிறார்கள். பஸ்ஸில் போங்கள். கவாத்து மெஷின், தேயிலை ஃபேக்டரி பாய்லர், ஏணி வேலைக்கும் இதே பதில்.

மறப்பதற்கு வழி: போனில் இரண்டு அலாரம், வாரத்துக்கு 14 அறை உள்ள மாத்திரை டப்பா. கூடவே 15 நாள் மாத்திரை எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்தால் மருந்துக்கடையில் சரக்கு வராது. இரவு விழிப்பும் மதுவும் மாத்திரை சாப்பிடுபவருக்கே ஃபிட்ஸைக் கொண்டுவரும்.

மகனுக்கு விபத்தில் எடுத்த மண்டை எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருக்கிறார்கள். எப்போது திரும்ப வைப்பார்கள்? எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, படுத்தால் சரியாகிறது. (பந்தலூர்)

வீக்கம் வடிந்து, தொற்று இல்லை என்றால் வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில். நீங்கள் எழுதிய இரண்டாவது விஷயம்தான் முக்கியம். எலும்பு இல்லாத இடம் உள்ளே குழிந்து, நின்றால் தலைவலி, கிறுகிறுப்பு, எதிர்ப்பக்கக் கைகால் தளர்வு, படுத்தால் குறைவு என்றால், வெளிக்காற்று அந்தத் தோலை மூளை மேல் அழுத்துகிறது என்று பொருள். தேதிக்குக் காத்திருக்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள், முன்னதாகவே வைக்க வேண்டியிருக்கும். மாறாக அந்த இடம் புடைத்து, கெட்டியாகி, வாந்தியும் மயக்கமும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

அதுவரை அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். கட்டிலை விட்டு இறங்கினாலே பஞ்சு வைத்த மென்மையான ஹெல்மெட் போடட்டும். பைக் ஹெல்மெட் உதவாது, தோலையே அழுத்தும். வயிற்றில் வைத்த எலும்பு சிலருக்குக் கொஞ்சம் கரைந்துபோகும். அப்போது டைட்டானியம் வலையோ வேறு பொருளோ வைப்பார்கள், கவலை வேண்டாம்.

மகன் முன்பு அமைதியானவன். இப்போது தட்டைத் தூக்கி எறிகிறான். ஃபிட்ஸுக்கு லெவெடிராசெட்டாம் 500, இரண்டு வேளை சாப்பிடுகிறான்.

அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. மூளையின் முன்பகுதியில் ஆபரேஷன் ஆனவருக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். மாற்று மாத்திரைகள் உண்டு, டாக்டர் படிப்படியாக மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பேசினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 104-ஐ (அரசின் மருத்துவ ஆலோசனை எண்) அழையுங்கள், தனியே விடாதீர்கள்.

ஃபிட்ஸுக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறேன், ஈறு வீங்கி வளர்கிறது. மாத்திரையாலா?

அதனால்தான். பல் டாக்டரையும் நரம்பியல் டாக்டரையும் இரண்டு பேரையுமே பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் வாசனையே தெரியவில்லை, 14 மாதம் ஆகிறது.

ஒரு வருடம் கடந்தால் திரும்ப வருவது கடினம். வாசனை தெரியாத வீட்டில் செய்ய வேண்டியவை வேறு. கேஸ் கசிவு அலாரம் ஒன்று, ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், அதனால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து ஜன்னலை மூடித் தூங்குவது யாருக்குமே ஆபத்து, அந்தப் புகையின் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. ஃபிரிட்ஜில் வைக்கும் குழம்பின் மேல் தேதி எழுதுங்கள்.

அரசு அலுவலக எழுத்தர். மறதியால் பழைய சீட்டில் வேலை செய்ய முடியவில்லை. ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள். (கூடலூர்)

கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். நினைவாற்றல் சோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். "மறதி இருக்கிறது" என்று வாயால் சொன்னால் மருத்துவக் குழு ஏற்காது. பிறகு யூ.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பியுங்கள், சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீத ஊனத்திலிருந்து தொடங்கும். நடக்க முடியாதவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்குமா?

நிற்காது. அதுவாகவே 1, 2 நிமிடத்தில் நிற்கும், அந்த நேரத்தில் சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலைப் பிடித்து அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது தெளிவதற்குள் மறுபடி வந்தால் 108. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும், ஆகவே மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை முன்பே எழுதி வாங்கி, எத்தனை அடி என்று அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், வாங்கி வைத்து மறந்த ஸ்ப்ரேதான் பல வீடுகளில் இருக்கிறது.