எத்தனை அங்குலம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தங்கச்சிமடத்தில் வீட்டு முன்னறையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். காலையில் மனு, பட்டா மாறுதல் விண்ணப்பம், சங்கத்துக் கடிதங்கள். மதியத்துக்கு மேல் இரண்டு நண்டு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி அதே மேசையில் பிளஸ் ஒன் படிக்கும் மகள் பாடம் பார்க்கிறாள். இத்தனையும் ஒரு 15 அங்குல லேப்டாப்பில்தான் நடக்கிறது. பொழுது சாய்ந்தால் கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது.

தனியாக ஒரு மானிட்டர் வாங்கலாம் என்று ராமநாதபுரத்தில் விசாரித்தேன். ஒரு கடையில் 27 அங்குலம்தான் வாங்க வேண்டும் என்றார்கள். இன்னொரு கடையில் வளைந்த திரையைக் காட்டினார்கள். என் மச்சான், 32 அங்குல டிவியையே மாட்டிவிடலாம், வீட்டுக்கும் ஆச்சு கடைக்கும் ஆச்சு என்கிறார். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, அவசியம் என்றால் கொஞ்சம் கூட்டலாம். 'கண் பாதுகாப்பு' என்று போட்டு விற்பதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? நம் ஊர் உப்புக்காற்றில் இதெல்லாம் தாங்குமா?

அன்புடன்,
ஒரு வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்டது, நாள் முழுக்க நீங்கள் தமிழில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பதைத்தான். கடைக்காரர்கள் யாரும் உங்களிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கீழக்கரையில் உட்கார்ந்து காலை முதல் இரவு வரை தமிழ்ப் பக்கங்களைத் திரையில் திருத்துகிறவன். ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது கேள்வி. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் (திரையில் எழுத்தையும் படத்தையும் உண்டாக்கும் சின்னஞ்சிறு கட்டங்கள்) என்பதே முதல் கேள்வி.

24 அங்குலம் என்று விற்கும் திரைகளில் பெரும்பாலானவை 23.8 அங்குலம். முழு எச்டி என்றால் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 93 பிக்சல் வரும். அதே 1920க்கு 1080 பிக்சலை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகிவிடும். உங்கள் மச்சான் சொல்லும் 32 அங்குல டிவி, 'எச்டி ரெடி' வகையாக இருந்தால், அதில் 1366க்கு 768தான். அங்குலத்துக்கு வெறும் 49. முழு எச்டி டிவியாகவே இருந்தாலும் 69தான். மறுபக்கம், 27 அங்குலத்திலேயே 2560க்கு 1440 பிக்சல் உள்ள திரைகள் இருக்கின்றன. அவற்றில் 109 வரும்.

இந்த எண்கள் தமிழுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். விண்டோஸில் அளவை மாற்றாமல் 100 சதவீதத்தில் வைத்திருந்தால், 10 பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 13 பிக்சல். ஆங்கில எழுத்து இதற்குள் சௌகரியமாக உட்கார்ந்துவிடும். தமிழில் அந்தப் 13 பிக்சலுக்குள் எழுத்தின் உடம்பு, மேலே புள்ளி, விசிறி, சுழி, கீழே இறங்கும் வால் எல்லாம் அடங்க வேண்டும். 'ர்' மேலிருக்கும் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ பிக்சல்தான் மிஞ்சும். 'கி'யும் 'கீ'யும் வேறுபடுவது தலைக்கு மேலுள்ள ஒரு சிறு சுழியில். 'ணு', 'ணூ' இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பாருங்கள், எங்கே பிரிகிறது என்று கண் தேடும். பட்டா மனுவில் தகப்பனார் பெயரில் ஒரு சுழி விட்டுப்போனால் மனு திரும்பி வரும், அந்த மனிதர் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு மறுபடி தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டும். கண் எரிகிறது என்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இந்தத் தேடலால் வருவதுதான்.

27 அங்குல முழு எச்டியில் என்ன ஆகும்? அதே 13 பிக்சல்தான், ஒவ்வொன்றும் பெரிதாக. எழுத்து பெரிதாகும், தெளிவாகாது. ஓரங்கள் படிக்கட்டு மாதிரி தெரியும். 1440 பிக்சல் உள்ள 27 அங்குலத்தில் அளவை 125 சதவீதமாக வைத்தால் அதே 10 பாயின்ட்டுக்கு ஏறத்தாழ 17 பிக்சல் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் அளவு 24 அங்குலத்தில் இருப்பதைவிட ஒரு நூல்தான் கூடும், ஆனால் 'கீ'யின் சுழிக்குள் வெள்ளை தெரியும். அந்த வெள்ளைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. 15,000 ரூபாய்க்குள் நிற்பதென்றால் 24 அங்குல முழு எச்டி. கூட்ட முடிந்தால் 27 அங்குலத்தில் 1440. நடுவில் இருக்கும் 27 அங்குல முழு எச்டி உங்களுக்கு வேண்டாம். தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்கும் பெரிய எண்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கும் அது பொருந்தும், தமிழ் மனு அடிக்கிறவருக்குப் பொருந்தாது. 1440ஐவிடவும் பிக்சல் கூடிய 4கே வரை போகவும் வேண்டாம். 27 அங்குலத்தில் அதன் எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும், அப்படிப் பெரிதாக்கும்போது பழைய கணக்கு மென்பொருள்கள் சில மங்கலாகிவிடும். டிவியை வீட்டுக்கே விட்டுவிடுங்கள். பிக்சல் குறைவு என்பதோடு, பல டிவிகள் நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டுவதால் சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் கசியும்.

மனு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 23.8 அங்குலத் திரையின் உயரம் 29.6 சென்டிமீட்டர், அகலம் 52.7. ஏ4 தாளின் உயரம் 29.7. அதாவது ஒரு தாளை எடுத்துத் திரைமேல் வைத்தால் மேலும் கீழும் ஏறக்குறைய சரியாகப் பொருந்தும். அகலத்தில் இரண்டு தாள் வைத்தபின்னும் பத்து சென்டிமீட்டர் மிச்சம். இடப்பக்கம் பழைய பத்திரத்தின் ஸ்கேன், வலப்பக்கம் நீங்கள் அடிக்கும் மனு என்று வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் இரண்டையும் மாறி மாறித் திறந்துகொண்டிருப்பீர்கள், அந்த வேலை நின்றாலே கழுத்துக்குப் பாதி ஓய்வு. 27 அங்குலத்தின் உயரம் 33.6 என்பதால் மென்பொருளின் மேல்பட்டை, கீழ்ப்பட்டை போகவும் தாள் முழுசாகத் தெரியும்.

வளைந்த திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த அளவில் வரும் வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ என்னும் தொழில்நுட்ப வகை. கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், இரவில் படம் பார்க்கச் சுகம். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். உங்கள் கடையில் மனு கொடுக்க வந்தவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துத்தானே, 'அக்கா, அந்த சர்வே நம்பர் தப்பு' என்று சொல்வார்? அவருக்கும் தெரிய வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகையில் தட்டையான திரை வாங்குங்கள்.

திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 75 ஹெர்ட்ஸோ 100 ஹெர்ட்ஸோ இருந்தால் பக்கம் உருட்டும்போது நன்றாக இருக்கும், அதற்கு மேல் உள்ளதெல்லாம் விளையாடுகிறவர்களுக்கு. ஸ்பீக்கர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் மகளுக்கு ஒரு ஹெட்போன் போதும். விஜிஏ வயரில் மட்டும் இணைக்காதீர்கள், எழுத்து மங்கும். எச்டிஎம்ஐ போதும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் உங்கள் சொந்த மனு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, மீன் நீந்தும் வீடியோ ஓடவிட்டிருப்பார்கள். அதில் எந்தத் திரையும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் மனுவைத் திறந்து, 10 பாயின்ட்டில் வைத்து, கை நீட்டினால் திரை தொடும் தூரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கப் படியுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, வெள்ளைப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பேனாவை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாக வெட்டி வெட்டித் தெரிந்தால், அந்தத் திரை விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று பொருள். சிலருக்குத் தலைவலி வருவது இதனால்தான்.

'கண் பாதுகாப்பு' என்ற பெயரில் உருப்படியானது இந்தத் துடிப்பில்லாத விளக்கு ஒன்றுதான். அது இன்று மலிவான திரைகளிலும் வருகிறது, அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நீல ஒளியைக் குறைப்பது விண்டோஸிலேயே இருக்கிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கணினி வேலையால் வரும் கண் அயர்ச்சி அவற்றால் குறைவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது, எரிகிறது. நம் ஊரில் அதோடு மேசை ஃபேன் வேறு நேராக முகத்தில் அடிக்கும். ஃபேனைத் தோள்பக்கம் திருப்புங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பாருங்கள். திரையின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். மலிவான ஸ்டாண்டுகள் முன்னும் பின்னும் சாயும், உயராது. உயரம் மாற்றும் ஸ்டாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடினாலும் கொடுங்கள். நீங்களும் மகளும் ஒரே நாற்காலியில் உட்காருகிறீர்கள், இருவருக்கும் உயரம் ஒன்றாக இருக்காது. இதையெல்லாம் செய்தும் எரிச்சல் நிற்காவிட்டால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கண்ணாடி போட வேண்டியிருக்கலாம்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் வரும்படி வைக்காதீர்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படியும் வைக்காதீர்கள். ஜன்னல் பக்கவாட்டில் வர வேண்டும். உங்கள் ராமேசுவரம் தீவில் வடக்கு ஜன்னல் என்றால் வெயில் வராது என்று நினைப்பார்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில். சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், அதன்பின் ஆவணி வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் திரைச்சீலை வேண்டும்.

இனி உப்பு. தாங்கும், பார்த்துக்கொண்டால். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திரையில் மணலும் உப்பும் சேர்ந்து படியும். துணியை எடுத்து நேராகத் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியை கேன் தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து துடையுங்கள். போர் தண்ணீர் கூடாது, அதிலும் உப்புதான். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், திரைமேல் இருக்கும் மினுக்கமற்ற பூச்சைக் கெடுத்துவிடும். திரையைவிட முதலில் போவது வயர் முனைகள். பச்சை பூத்துவிடும். அவ்வப்போது கழற்றிப் பார்த்துத் துடைத்து மாட்டுங்கள். பல நாள் பூட்டிவைக்காமல் தினமும் சற்று நேரம் ஓடவிடுவதும் நல்லது, உள்சூட்டில் ஈரம் போகும்.

மின்சாரம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். மனு எழுத வந்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார். 24 அங்குலம் ஏறத்தாழ 20 வாட், 27 அதற்குச் சற்று மேல். சின்ன யுபிஎஸ் ஒன்றில் மானிட்டரையும் வைஃபை பெட்டியையும் மாட்டிவிடலாம். இரண்டு மானிட்டர் சமமாக இருந்தால், அடாப்டர் வெளியே இருப்பதை எடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் முதலில் அடிபடுவது அந்தப் பகுதிதான். வெளியே இருந்தால் அதே வோல்ட், அதே முனை, குறையாத ஆம்பியர் பார்த்து வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருந்தால் முழுத் திரையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மூன்று வருட வாரண்டி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆள் வீட்டுக்கு வருவாரா, ராமநாதபுரத்தில் கொடுத்தால் போதுமா, மதுரைக்குப் போகவேண்டுமா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. சரியாக எரியாத 'செத்த' பிக்சல் எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றிரண்டு இருந்தால் பலர் மாற்றுவதில்லை. ஆகவே கடையிலேயே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை போனில் படம் பிடித்து, அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டுவையுங்கள்.

கடையில் பார்த்தபின் இரண்டில் எது என்று குழப்பமாக இருந்தால், பெட்டியில் போட்டிருக்கும் மாதிரி எண்ணையும் உங்கள் லேப்டாப்பில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்