பல த்ரெட்டுகளில் ஓடும் சர்வரில் நினைவகக் கசிவு: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் நினைவகக் கசிவு (வாங்கிய நினைவகத்தை வேலை முடிந்தும் நிரல் விடுவிக்காமல் இருப்பது) தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் லினக்ஸில் சி++ பயன்படுத்துவதால் பதில்களும் அதையொட்டியே இருக்கும்.

மண்டபம்: விசைப்படகுகளின் இருப்பிடத் தகவலைப் பெறும் சர்வர் எங்களுடையது. படகுகள் கடலுக்குப் போகும் நாள்களில் நினைவகப் பயன்பாடு ஏறுகிறது. கரை திரும்பிய பிறகும் இறங்குவதில்லை. இது கசிவுதானே?

இறங்கவில்லை என்பதை மட்டும் வைத்துக் கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம். ஏறிய உயரத்திலேயே நிற்கிறதா, அல்லது ஒவ்வொரு கடல் நாளிலும் முந்தைய உச்சத்தைத் தாண்டிப் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே பூட்டுக்காகக் காத்து நிற்கக் கூடாது என்பதற்காக, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் நினைவகத்தைப் பங்கிடும் மாலாக், அவற்றுக்குத் தனித்தனி அரீனாக்களை (நினைவகத் தொகுப்புகளை) ஒதுக்குகிறது. 64 பிட் கணினியில் இவற்றின் இயல்பான உச்சவரம்பு கோர்களின் எண்ணிக்கையைப் போல் 8 மடங்கு. நீங்கள் முறையாக விடுவித்த நினைவகமும் இந்த அரீனாக்களுக்குள்ளேயே தங்கி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் திரும்பாமல் இருக்கக்கூடும். நிரலின் நினைவகத் துண்டுகளைப் பட்டியலிடும் பிமேப் கட்டளையை ஓட்டும்போது, அடுத்தடுத்த இரண்டு வரிகளின் கூட்டுத்தொகை 65536 கேபி என்று வரும் துண்டுகள் வரிசையாகத் தெரிந்தால், அவை பெரும்பாலும் அரீனாக்களே. மாலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து மறுபடி ஓட்டுங்கள். வளர்ச்சி அடங்கிவிட்டால் அது கசிவன்று. ஆனால் பூட்டுக்கான போட்டி கூடி வேகம் குறையலாம் என்பதையும் அளந்து பாருங்கள்.

உங்களுக்கு வேறு யாருக்கும் வாய்க்காத ஒரு சோதனைக்காலமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளிலிருந்து செய்தி வராது. அந்த 61 நாள்களிலும் நினைவகம் ஏறினால், படகுச் செய்திகளைக் கையாளும் பகுதியை விட்டுவிட்டு டைமர், பதிவேடு, கண்காணிப்பு வினவல் ஆகியவற்றைத் தேடுங்கள்.

கீழக்கரை: நினைவகப் பிழைகளைத் தேடும் வேல்கிரைண்ட் கருவி கசிவே இல்லை என்கிறது. ஆனால் சர்வர் நாளுக்கு நாள் பெருக்கிறது. எதை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்தச் சுட்டியும் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) இல்லாமல் தொலைந்துபோன நினைவகத்தைத்தான் வேல்கிரைண்ட் முதன்மையாகக் கசிவென்று சொல்லும். நீங்கள் மறந்துவிட்ட செஷன் மேப் (ஒவ்வொரு இணைப்பின் விவரமும் இருக்கும் பட்டியல்) ஒன்று ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பிடித்துவைத்திருந்தால் அது கசிவாகத் தெரியாது. சர்வரை நிறுத்தும்போது மேப் தன் உறுப்புகளைத் தானே விடுவித்துவிடுவதால் அறிக்கை சுத்தமாகவே வரும்.

கடலோரத்தில் இதற்கு நான் முதலில் சந்தேகிப்பது பாதியில் அறுந்த டிசிபி இணைப்புகளைத்தான். படகு செல்போன் கோபுரத்தின் எல்லையைத் தாண்டும்போது இணைப்பை முடிக்கும் செய்தி எதுவும் சர்வருக்கு வருவதில்லை. வாசிக்கும் த்ரெட் காத்துக்கொண்டே இருக்க, படகு மறுபடி எல்லைக்குள் வந்து புதிய செஷனைத் திறக்கிறது. பழையது அப்படியே கிடக்கிறது. மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் வசதியை நீங்களாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7200 விநாடிக்குப் பிறகே போகும். ஆகவே சர்வரிலேயே காலவரம்பு வைத்து, அது கடந்ததும் சாக்கெட்டை மூடி, மேப்பிலிருந்தும் பதிவை நீக்குங்கள். செஷனின் டைமர் அதே செஷனை ஷேர்டு பாயிண்டரால் (பிடித்திருக்கும்வரை பொருளை அழியவிடாத சுட்டி) பிடித்திருந்தால், மேப்பிலிருந்து நீக்கினாலும் அது சாகாது. அந்த இடத்தில், பொருள் அழிவதைத் தடுக்காத வீக் பாயிண்டர்தான் பொருந்தும்.

இன்னொன்று: வேல்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓட்டுவதால், த்ரெட்டுகள் மோதும்போது மட்டும் நேரும் கசிவு அதில் தலைகாட்டாமலே போகலாம்.

பாம்பன்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே எப்படித் தேடுவது?

மாலாக்குக்குப் பதிலாக, புரொஃபைலிங் வசதியுடன் (நினைவகம் எங்கே ஒதுக்கப்படுகிறது என்று பதிவது) கம்பைல் செய்த ஜெமாலாக்கைப் பரிந்துரைக்கிறேன். அதன் இயல்பு அமைப்பில், சராசரியாக 512 கேபி ஒதுக்கீட்டுக்கு ஒரு மாதிரி வீதம் எடுப்பதால் சுமை குறைவு. சில மணி நேர இடைவெளியில் நினைவக நிலையின் இரண்டு பதிவுகள் (ஹீப் பதிவுகள்) எடுத்து, ஜேபுரொஃப் கருவியால் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், எந்த அழைப்புப் பாதையில் நினைவகம் சேர்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு பதிவை மட்டும் பார்த்தால், நியாயமாக இருக்க வேண்டிய பெரிய பஃபர்களே கண்ணில் படும்.

தொண்டி: இணைப்புக்கு ஒரு த்ரெட் தொடங்குகிறோம். மெய்நிகர் நினைவகம் தாறுமாறாக ஏறுகிறது.

ஜாயினும் (முடியும்வரை காத்திருப்பது) டிடாச்சும் (தனியே விட்டுவிடுவது) செய்யாத த்ரெட், வேலை முடிந்த பிறகும் தன் ஸ்டாக்கை (தனக்கென ஒதுக்கிய நினைவகத்தை) விடாது. வழக்கமான அமைப்பில் அது ஒவ்வொன்றும் 8 எம்பி.

இராமேஸ்வரம்: தினமும் நள்ளிரவில் ரீஸ்டார்ட் செய்துவிடுகிறோம். அது போதாதா?

தற்காலிகமாகச் செய்யலாம், ஆனால் அந்த நேரத்தில் கடலில் படகுகள் இருக்கின்றன. சர்வர் எழுந்து வருவதற்குள் ஒரு படகு ஆபத்துச் செய்தி அனுப்பினால் அதை வாங்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்று சர்வர் ஒன்று இணைப்புகளை ஏற்கத் தொடங்கிய பிறகே பழையதை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் ஹீப் பதிவை எடுத்து வையுங்கள். ரீஸ்டார்ட் செய்த கணமே கசிவுக்கான தடயம் முழுவதும் அழிந்துவிடும்.