ஒரே எண்ணை இரண்டாம் முறை சோதிப்பது வீண் வேலையா?

கேள்வி: மெர்சென் பகா எண்களை, அதாவது 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் பகா எண்களைத் தேடும் ‘ஜிம்ப்ஸ்’ கூட்டுத் திட்டத்தில் என் கணினியையும் இணைத்திருக்கிறேன். எனக்கு ஒதுக்கப்பட்டதோ, வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் ‘பகா எண் அல்ல’ என்று அறிவித்துவிட்ட எண். இது மின்சாரத்தை வீணாக்குவது ஆகாதா?

பதில்: ஆகாது. தேடலின் நம்பகத்தன்மையே இந்த வேலையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

1996-இல் ஜார்ஜ் வோல்ட்மேன் தொடங்கிய இத்திட்டத்தில், சர்வர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடுக்கெண்ணை ஒதுக்குகிறது. முதலில் சிறிய வகுஎண் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால், ஒரே ஒரு வகுத்தலில் யாரும் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கிடைக்காதபோதுதான், உங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற பழைய எண்களுக்கு, பகா எண்ணா இல்லையா என்று முடிவாகச் சொல்லும் நீண்ட லூகாஸ்–லேமர் சோதனை நடந்தது. அதில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை எதிர்பார்த்து நிற்பதால், ஓர் எண்ணின் சோதனையைத் துண்டுபோட்டுப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்க வழியில்லை.

2-இன் 7-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 127-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போனால் 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். இறுதியில் 0 வந்ததால் 127 பகா எண். நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) புரண்டு 42 என்பது 43 ஆகிவிட்டதாகக் கொள்ளுங்கள். அடுத்து 69, பிறகு 60 என்று முடிந்து, உண்மையான பகா எண் ஒன்று ‘அல்ல’ என்று தள்ளப்பட்டுவிடும். இங்கே ஐந்தே படிகள். 2024-இல் கண்டறியப்பட்ட, 136279841 என்ற அடுக்கைக் கொண்ட பகா எண்ணுக்கோ இச்சோதனையில் 13 கோடிக்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொன்றிலும் 4 கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்கள். தவறான ‘ஆம்’ உடனே பிடிபடும், ஏனெனில் அதைப் பலரும் சோதிப்பார்கள். தவறான ‘இல்லை’ யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

அதனால்தான் இரண்டாவது சோதனை. தொடக்க எண்ணின் பிட்களை முன்பு இருந்ததைவிட வேறு அளவுக்கு நகர்த்தி வைத்துக் கணக்கிடுவதால், அதே பிழை அதே வடிவில் திரும்ப வருவது அரிது. இறுதி மீதியின் கடைசி 64 பிட்கள் இரண்டு சோதனைகளிலும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணின் கணக்கு முடிகிறது.

ராபர்ட் கெர்பிச் தந்த முறை, ‘பகா எண்ணாக இருக்கக்கூடும்’ என்று மட்டும் சொல்லும் வேறொரு வகைச் சோதனையில் கணக்கு ஓடும்போதே பிழையைப் பிடித்துவிடுகிறது. 2020 முதல் அச்சோதனையோடு ஒரு சான்றும் அனுப்பப்படுவதால், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த உழைப்பில் சரிபார்ப்பு முடிந்துவிடுகிறது. உங்களுக்கு வந்திருப்பது அதற்கு முந்தைய, சான்று இல்லாத முடிவு. உங்கள் மீதி பழைய மீதியோடு ஒத்துப்போகாவிட்டால், மூன்றாவது கணினி ஒன்று அதே எண்ணைச் சோதிக்கும். அப்போது உங்கள் விடை தவறு என்று தெரியவந்தால், அடுத்த எண்ணை வாங்குமுன் கணினியின் நினைவகத்தையும் வெப்பநிலையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.