பார்ட் டைம் வேலையை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

கடலூர் முதுநகரிலிருந்து போன வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு அப்பா, அம்மா, மகன் என்று மூவராக என்னிடம் வந்தார்கள். அப்பாவுக்கு மளிகைக் கடை. மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், நீட்டில் 212. அவர்கள் கொண்டுவந்த ஃபைலில் வீட்டுப் பத்திரத்தின் நகலும், ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுவதாகச் சொல்லும் ஏஜென்ட்டின் நோட்டீஸும் ஒரே கிளிப்பில் இருந்தன. ஆறு வருஷத்துக்கு 35 லட்சம். பாதியை வீட்டை வைத்துப் புரட்டுவது, மீதியை மகனே சமாளித்துக்கொள்வது. இதுதான் திட்டம்.

எப்படிச் சமாளிப்பான் என்று கேட்டேன். அதற்கான பதில் பாரிஸில் இருக்கும் தாய்மாமாவிடமிருந்து வந்திருக்கிறது. அவர் மகன் அங்கே படித்தபோது ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கி, சனி ஞாயிறு ஹோட்டலில் பாத்திரம் கழுவி, அப்புறம் புது மருந்தை ஆரோக்கியமானவர்கள் உடம்பில் கொடுத்துப் பார்க்கும் மருந்துப் பரிசோதனைக்கு இரண்டு முறை போய்ப் படுத்து, வீட்டிலிருந்து ஒரு காசு வாங்காமல் முடித்தானாம். "படுத்துக் கிடந்தாலே காசு குடுக்கறாங்க. உன் புள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்றாராம் மாமா.

"பயப்படாமப் போகலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று அப்பா கேட்டார். நான் சொல்லவில்லை. ஏன் என்பதை எழுதுகிறேன். இதே ஃபைலோடு கிளம்பத் தயாராக இருக்கும் மற்ற அப்பாக்களும் படிக்கட்டும்.

முதலில் மாமா மகனை ஓரமாக வையுங்கள். அவன் பிரெஞ்சுக் குடிமகன். இந்த வித்தியாசத்தைப் புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு பாஸ்போர்ட்டும் தம்பிக்கு வேறொன்றும் இருக்கிற ஊர் இது. அவன் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளை பிரான்ஸில் வருஷத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். உங்கள் மகன் போகப்போவது இந்த இரண்டுக்கும் இல்லை, ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்கு. காலையிலிருந்து மாலை வரை வகுப்பு, ஊர்ப் பாஷை தெரியாது, உள்ளூர்ச் சம்பளமே குறைவு. அங்கே பாத்திரம் கழுவி மருத்துவக் கல்லூரி ஃபீஸ் கட்டுவது நடக்கிற காரியமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது மருந்துப் பரிசோதனை. சட்டப்படி நடக்கும் ஆய்வுகளை நான் குறை சொல்லவில்லை. ஆரோக்கியமான சிலர் முன்வந்தால்தான் புது மருந்து கடைக்கு வரும். ஆனால் அந்தப் பணத்துக்குப் பெயர் சம்பளம் இல்லை. செலவழித்த நேரத்துக்கும் பட்ட சிரமத்துக்கும் தரும் ஈட்டுத்தொகை. பிரான்ஸில் அந்நாட்டு அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருப்பவர்கள்தான் கலந்துகொள்ள முடியும். ஒருவர் வருஷத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடாமல் இருக்க தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறும். ஓர் ஆய்வு முடிந்தால் உடம்பில் இருக்கிற மருந்து இறங்கும்வரை, பெரும்பாலும் மாதக்கணக்கில், அடுத்ததில் சேர்க்க மாட்டார்கள். போகிறவர்கள் எல்லாரையும் எடுப்பதும் இல்லை. ரத்தத்தில் ஒரு அளவு கூடக்குறைய இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லீவுக்குப் பாரிஸ் வந்து இதில் சேர்ந்து சம்பாதித்துப் போகலாம் என்பது வெறும் பேச்சு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மாமா சொல்லியிருக்க மாட்டார். 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக ஆறு இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சையில், ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழந்தது. உயிர் பிழைத்தார்கள். 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் நடந்த இதேமாதிரிப் பரிசோதனையில் அதுவும் இல்லை, ஒருவர் இறந்தே போனார். இவை அபூர்வம், ஒத்துக்கொள்கிறேன். விவரம் தெரிந்த ஒருவர் தானாக யோசித்து இதில் சேர்ந்தால் அது அவர் இஷ்டம். அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு நாள் நெருங்குகிறதே என்று 19 வயதுப் பையன் சேர்வதை இஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிக்கனமாக இருப்பதைப் பற்றி எனக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. வெளிநாட்டில் அரிசி பருப்பு வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் பாதிச் செலவில் காலம் தள்ளுகிற பிள்ளைகள் நிறைய உண்டு. சிக்கனம் செலவைத்தான் குறைக்கும், ஃபீஸைக் கொண்டுவராது. உங்கள் கடைக்கு மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்துவிட்டு, 'யாராவது பழைய பாக்கியைக் கொண்டுவந்து தந்தால் கட்டுகிறேன்' என்று நீங்கள் சொல்வீர்களா? ஆறு வருஷத்துக்கு அதைத்தான் மகன் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது. அதன் பிறகு அங்கேயே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து இங்கே 12 மாதம். நடுவில், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராவதற்கு எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300க்கு 150 எடுத்தாக வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதில் தேறுவதில்லை. 35 லட்சம் என்பது ஆரம்பச் செலவுதான், டாக்டர் பட்டத்துக்கான விலை இல்லை. பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் பற்றியெல்லாம் தெருவுக்குத் தெரு சொல்ல ஆள் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

மகன் என்ன கேட்டான் என்று பார்ப்போம். நீங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. தாத்தாவைப் பற்றி நான் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டது அவன்தானாம். ரெண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தது, மூக்கு டியூபில் கஞ்சி ஊற்றியது, எல்லாமே. "முதுகுக்குக் கீழ பெட்ஷீட்ல ஒரு சுருக்கம் இருந்தாலே போதும் சார், அங்கதான் தோல் மொதல்ல செவக்கும்" என்றான். நர்சிங் முடித்தவர்களிலும் இதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் எல்லாரும் இல்லை. நர்சிங் படிக்கணும் என்று அவன் சொன்னபோது அம்மா குனிந்துகொண்டார். நீங்கள், "ஆம்பளப் புள்ள நர்ஸா?" என்றீர்கள்.

ஆமாம், நர்ஸ்தான். அதையும் காசு கொடுத்துப் படிக்க வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு படிக்கலாம்.

ஜெர்மனியில் இதற்கு அவுஸ்பில்டுங் என்று பெயர். வேலையும் படிப்பும் சேர்ந்த மூன்று வருஷத் தொழிற்பயிற்சி. 2020இல் அமலுக்கு வந்த சட்டப்படி முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பராமரிப்பு, மருத்துவமனை நர்சிங் மூன்றும் ஒரே படிப்பாகிவிட்டது. வகுப்பறையில் குறைந்தது 2,100 மணி நேரம், நோயாளிகள் பக்கத்தில் 2,500 மணி நேரம். சில வாரம் பள்ளி, சில வாரம் வார்டு என்று மாறி மாறிப் போகும். மருத்துவமனை, முதியோர் இல்லம், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சேவை, குழந்தைகள் பிரிவு, மனநலப் பிரிவு எல்லாவற்றிலும் வேலை பார்த்தாக வேண்டும். முடிவில் அரசுத் தேர்வு: எழுத்துத் தாள் மூன்று, ஒரு வாய்மொழித் தேர்வு, அப்புறம் நிஜ நோயாளியை வைத்து ஒரு செய்முறைத் தேர்வு.

பள்ளிக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் சம்பளம் உண்டு. பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தைப் பின்பற்றும் மருத்துவமனைகளில் முதல் வருஷமே 1,400 யூரோவுக்கு மேல், மூன்றாம் வருஷம் 1,550ஐத் தாண்டும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தமெல்லாம் போக முதல் வருஷம் கைக்குச் சுமார் 1,100 வரும். சிறிய ஊரில் ஊழியர் விடுதி அறை 350 என்று வையுங்கள். அவனே சமைத்தால் சாப்பாடு 200. ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகும் மாதப் பாஸ் 2026 தொடக்கத்திலிருந்து 63. வீட்டுக்கு வீடு வாங்கும் டிவி, ரேடியோ கட்டணம் 18.36. போன் ரீசார்ஜ் எல்லாம் போட்டாலும் மாதம் 400க்குக் குறையாமல் மிஞ்சும். மியூனிக் மாதிரிப் பெரிய நகரம் என்றால் வாடகையே இதை விழுங்கிவிடும், அதனால் ஊரைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் திரும்ப வரும். சிக்கனமான பையன், அதையும் விட மாட்டான் என்று நினைக்கிறேன்.

அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர் பெரும்பாலும் சுமார் 12,000 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், கட்டிவிட்டுத்தான் விசா கேட்க முடியும். அவுஸ்பில்டுங்கில் பயிற்சிச் சம்பளமே வாழ்க்கைச் செலவுக்குப் போதும் என்றால் அது தேவையில்லை. வாரம் 20 மணி நேரம் வேறு வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. வேண்டாம் என்பேன். ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கத்தான் தோன்றும். தேர்ச்சி பெற்றதும் பொதுத்துறையில் மாதம் 3,000 யூரோவுக்கு மேல் சம்பளம். அப்படி இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம்.

இனிமேல்தான் கஷ்டம். மொழி. ஜெர்மன் மொழியறிவை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளப்பார்கள். விசாவுக்கு பி1 போதும் என்பார்கள், ஆனால் நல்ல மருத்துவமனைகள் அதற்கு அடுத்த படியான பி2 கேட்கின்றன. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டி அந்த ஊர்க் கொச்சையில் நெஞ்சு வலி என்று சொல்வது புரிய வேண்டுமே. சுழியத்திலிருந்து பி2 வரை ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் உட்கார்ந்து படிக்க வேண்டும். டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, இன்றைக்கே ஆரம்பிக்கலாம். தேர்வுக்குச் சென்னை நுங்கம்பாக்கம் கோத்தே நிலையம். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளில் தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். கடை கணக்குப் பார்க்கிற நேரம் போக மீதி நேரம் முழுக்க மகன் இதற்கே கொடுக்க வேண்டும். 'ஒரு வருஷம் வீணாகிறதே' என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ஜெர்மன் படிக்கிறான் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

வேலையும் சுலபம் இல்லை. காலை ஆறு மணிக்கே ஷிப்ட், குளிரில், இருட்டில். மலஜலம் எடுப்பதும் குளிப்பாட்டுவதும் அங்கே நர்ஸின் வேலைதான், அதற்கென்று தனி ஆயா வருவார் என்று நினைக்கக் கூடாது. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பலர் இதில்தான் மனம் உடைகிறார்கள். உங்கள் மகன் தாத்தாவுக்கு இதை எட்டு மாதம் செய்திருக்கிறான். இவனுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான். சம்பளத்தை மட்டும் பார்த்து வருகிற பையனுக்கு இதே வழியைக் காட்ட மாட்டேன். இங்கேயே பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுப் பிறகு போவதும் நல்ல வழிதான், சீட்டும் ஃபீஸும் ஒத்துவந்தால்.

பொண்ணு யார் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டார். அவனுக்கு 18 வயதுதான் ஆகிறது அம்மா. அதற்குள் அந்தக் கவலை வேண்டாம்.

செலவு: மொழி வகுப்பு, தேர்வு, விசா, டிக்கெட், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து என் கணக்கில் 4 லட்சத்துக்குள் முடியும். இதற்குமேல் கேட்கும் ஏஜென்ட்டிடம் எழுந்து வந்துவிடுங்கள். காலியிடங்கள் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்புத் தளத்திலேயே வெளிப்படையாக இருக்கின்றன, மருத்துவமனைக்கு நேரடியாகவே மெயில் போடலாம். பிளஸ் டூ சான்றிதழை, மகன் போகப்போகிற ஜெர்மன் மாநிலத்தின் அதற்கான துறை ஏற்க வேண்டும், அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் ஒரு முறை விசாரியுங்கள்.

வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தவணை கட்டப்போவது அவர் இல்லை.

பயிற்சி ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மாதச் சம்பளம், வார வேலை நேரம், எத்தனை நாள் லீவு, ஆறு மாத சோதனைக் காலம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். 'பாதியில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் நிறுத்துங்கள். அந்த நாட்டுச் சட்டப்படியே அது செல்லாது. அதை எழுதித் தருகிற இடத்துக்கு மகனை அனுப்ப வேண்டாம்.