ஓர் ஆய்வு போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிக்கொல்லிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஒரு மருந்தோ உரமோ தீங்கு செய்கிறது என்று ஆய்வு வந்த மறுநாளே அதைத் தடை செய்தால் என்ன? அரசு குழு அமைக்கிறது, குழு இன்னொரு ஆய்வு கேட்கிறது, அதற்குள் பத்து வருடம் ஓடிவிடுகிறது. அறிவியல் சொல்லிவிட்டபின் அரசு முடிவு செய்ய என்ன மிச்சம் இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

காலம் கடத்துவதற்காகவே அமைக்கப்படும் குழுக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'அறிவியல் சொல்லிவிட்டது' என்கிறீர்களே, அந்த இடத்தில் நான் வேறுபடுகிறேன். ஓர் ஆய்வு பெரும்பாலும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அரசாணைக்கோ நாலைந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தப் பொருள் தீங்கு செய்யுமா? வெளியே உண்மையில் புழங்கும் அளவிலும் செய்யுமா? கண்முன் தெரியும் சேதம் முழுவதற்கும் அது ஒன்றே காரணமாகப் போதுமா? அதை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு எது வரும்? தடைக்குப் பின் நிலைமை மாறியதா என்று எதை வைத்து அறிவது?

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அடுத்தடுத்து விடை கிடைத்த நிகழ்வு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. வெண்முதுகுப் பாறு கழுகுகள் 1990-களில் இந்தியா முழுவதும் சரியத் தொடங்கின. 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. முதலில் சந்தேகம் விழுந்தது தொற்றுநோய் மீது. 2004-இல் பாகிஸ்தானின் பஞ்சாபில் நடந்த ஆய்வு வெளியானது. இறந்த கழுகுகளில் 85 சதவீதத்தின் உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. படிவு இருந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-இலும் கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து இருந்தது. படிவு இல்லாமல் இறந்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. பிறகு, அந்த வலிமருந்து செலுத்திய கால்நடையின் இறைச்சியைக் கூண்டுக் கழுகுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அதே படிவோடு அவற்றில் பல இறந்தன.

இது முதல் கேள்விக்கான விடை. மருந்து கழுகைக் கொல்லும், சரி. ஆனால் ஒரு துணைக்கண்டத்தின் கழுகுகள் அழியும் அளவுக்கு அது பரவியிருக்கிறதா? அதே ஆண்டு வேறொரு குழு கணக்குப் போட்டது. கழுகுகள் உண்ணும் சடலங்களில் 760-க்கு ஒன்று முதல் 130-க்கு ஒன்று வரை கொல்லும் அளவு மருந்தோடு இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று வந்தது. அடுத்து இந்தியாவில் மாட்டுச் சடலங்களின் ஈரலில் மாதிரி எடுத்தபோது ஏறத்தாழ 10 சதவீதத்தில் டைக்ளோஃபினாக் எச்சம் இருந்தது. 2006 தொடக்கத்தில் மெலாக்ஸிகாம் என்ற வலிமருந்து கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்ற சோதனை முடிவு வந்தது. மாட்டின் வலிக்கு மாற்று மருந்து கைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டே இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடுத்தன. முதல் ஆய்விலிருந்து இரண்டே ஆண்டு. நீங்கள் சொல்லும் பத்து வருடம் ஆகவில்லை, பாருங்கள்.

ஆனால் தடை வந்தபின் மனிதர்களுக்கான பெரிய மருந்துக் குப்பிகளை மாடுகளுக்குப் போடத் தொடங்கினார்கள். 30 மில்லி குப்பி ஒரு மாட்டுக்குத் தோதாக இருந்தது. சடலங்களைத் தொடர்ந்து சோதித்து வந்ததால்தான் எச்சம் முற்றிலும் நிற்கவில்லை என்பது தெரிந்தது. 2015-இல்தான் மனிதர்களுக்கான ஊசிமருந்தை 3 மில்லி குப்பியாகக் குறைத்து ஆணை வந்தது. இன்னொரு வலிமருந்தான அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதற்கும் கீட்டோப்ரோஃபென் என்ற மற்றொரு வலிமருந்துக்கும் இந்தியாவில் தடை வந்தது 2023-இல். எனக்குக் கோபம் வருவது இந்த இரண்டாவது கட்டத்தின் மீதுதான். ஆதாரம் கையில் இருந்தும் ஆண்டுகள் போயின.

மாற்று என்ன என்ற கேள்வியைக் கேட்காமல் ஆணை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தளர்த்த வேண்டியதாயிற்று. கணக்கு எளிது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் 217 கிலோ யூரியா போதும். 1.5 சதவீதத் தழைச்சத்து உள்ள மட்கு உரத்தில் அதே 100 கிலோவுக்கு 6.7 டன் வேண்டும்; அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். இவ்வளவு எரு எங்கே இருக்கிறது, யார் வயலுக்குக் கொண்டுபோவார்கள் என்பதற்கு விடையில்லாமல் ஒரு பருவத்துக்குள் மாறச் சொன்னார்கள். ரசாயன உரம் மண்ணையும் நீரையும் கெடுக்கிறது என்ற ஆய்வுகள் பொய்யல்ல. அவை இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்தவை அல்ல, அவ்வளவுதான்.

ஒரே தரவிலிருந்து இரண்டு நேர்மையான முடிவுகள் வருவதும் உண்டு. பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கு மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புவதால் அதைக் கொல்லலாமா என்று இங்கிலாந்தில் 1998-இல் பெரிய கள ஆய்வு தொடங்கியது. தலா 100 சதுர கிலோமீட்டரில் 30 பகுதிகள். சிலவற்றில் தொடர்ந்து கொல்வது, சிலவற்றில் நோய் கண்ட பண்ணையைச் சுற்றி மட்டும் கொல்வது, சிலவற்றில் ஒன்றும் செய்யாமல் இருப்பது. தொடர்ந்து கொன்ற பகுதிக்குள் மாட்டுக் காசநோய் சுமார் 23 சதவீதம் குறைந்தது. அதை ஒட்டிய 2 கிலோமீட்டர் வெளிவட்டத்தில் ஏறத்தாழ அதே அளவு கூடியது. மிஞ்சிய விலங்குகள் கலைந்து தூரமாக அலைந்து நோயைக் கொண்டுபோனதே காரணம். 2007-இல் ஆய்வை நடத்திய குழு, கொல்வதால் குறிப்பிடத்தக்க பயனில்லை என்றது. அடுத்த மாதமே அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் டேவிட் கிங், பரப்பைப் பெரிதாக்கித் தொடர்ந்து செய்தால் பயன் உண்டு என்றார். முதல் குழு செலவையும் நடைமுறையையும் சேர்த்துப் பார்த்தது. கிங் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். செலவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை எந்தக் கள ஆய்வும் தீர்மானிக்காது.

தொழில் நிறுவனங்கள் மீது சந்தேகப்பட இடமிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்ற வரியைக் கண்டால் உடனே எத்தனை மாதிரி என்று பாருங்கள். ஒரு பூச்சிக்கொல்லி தேனீக் கூட்டத்தை 10 சதவீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்குக் கூட்டம் இயல்பான ஏற்ற இறக்கம் 30 சதவீதம். இந்தக் குறைவை ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க, மருந்து பட்ட பக்கம், படாத பக்கம் என ஒவ்வொன்றிலும் சுமார் 144 கூடுகள் வேண்டும். முப்பதைப் பத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, புள்ளியியலில் இதற்கு வழக்கமாகக் கொள்ளும் 16-ஆல் பெருக்கினால் வருவது அது. பக்கத்துக்குப் பத்துக் கூடுகள் வைத்து ஆய்வு செய்தால், தீங்கு உண்மையிலேயே இருந்தும் பத்தில் ஒன்பது முறை 'வித்தியாசம் இல்லை' என்றே வரும். அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அதைப் பாதுகாப்புச் சான்றாகக் காட்டுவது ஏமாற்று.

எல்லாக் கேள்விக்கும் விடை வரும்வரை அரசு காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சேதம் திரும்பப் பெற முடியாதது, தடையோ எளிதில் விலக்கக்கூடியது என்றால் இரண்டு விடை போதும் என்பேன். பாறு கழுகு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அங்கே தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் விலை அதிகம். ஒரு பருவ விளைச்சலே பணயமாக இருக்கும் இடத்தில் சில மாவட்டங்களில் முதலில் செய்துபார்ப்பதே சரி.

ஒரு தடையைக் கோரி மனு எழுதினால், தடைக்கு முன்னும் பின்னும் எதை, எந்த ஊர்களில், எத்தனை மாதிரிகளில், யார் செலவில் அளப்பது என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். முதல் அளவீடு தடைக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.