20 சதவீத என்.சி.பி. சொல்லும் சேதி: பழைய கார் வாங்குமுன் யாரை வைத்துச் சோதிப்பது?

கேள்வி: திருச்சியில் தனியார் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். சென்னை வேளச்சேரியில் ஒரு 2018 மாடல் பெட்ரோல் கார் விலைக்கு வந்திருக்கிறது. 2018 மார்ச்சில் பதிவான வண்டி, சிங்கிள் ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர். 5.40 லட்சம் கேட்கிறார்கள். என்னிடம் 3 லட்சம் இருக்கிறது, மீதி 2.40 லட்சத்தை 12 சதவீத வட்டியில் கடனாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். தரகர், '200 பாயின்ட் செக்கிங் முடிந்த வண்டி, ஒரு கிளெய்ம்கூட இல்லை' என்று சொல்லி ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். கூடவே இன்ஷூரன்ஸ் காப்பி: 2025 மார்ச்சில் புதுப்பித்தது, என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 20 சதவீதம். பத்தாயிரம் டோக்கன் (முன்பணம்) போட்டால்தான் வண்டியை நிறுத்தி வைப்பாராம். வெளியாளை வைத்துப் பார்க்கலாமா என்று விசாரித்தேன். ஒருவர் 1,200 ரூபாய் கேட்கிறார், கார் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். இன்னொருவர் 3,500 கேட்கிறார், வண்டியை ராம்ப்பில் (அடிப்பாகம் தெரியத் தூக்கும் மேடை) ஏற்றிப் பார்ப்பாராம். ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கும்போது இது தண்டச் செலவா?

பதில்: தண்டச் செலவு இல்லை. 3,500 ரூபாய்க்காரரையே அமர்த்துங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பத்தாயிரம் டோக்கனைப் போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய விவரத்திலேயே ஒன்று இடிக்கிறது. கிளெய்ம் இல்லாமல் ஓடும் வண்டிக்கு என்.சி.பி. தள்ளுபடி ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 2018 மார்ச்சில் எடுத்த வண்டிக்கு, ஒரு கிளெய்மும் இல்லையென்றால், 2023 மார்ச்சிலேயே 50 வந்திருக்க வேண்டும். 2025ல் 20 என்று இருக்கிறது. அப்படியானால் 2024ல் அது சுழியத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முதல் காரணமாகத் தோன்றுவது, 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் ஒரு கிளெய்ம். மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தது 2023 டிசம்பரில். தண்ணீர் நின்ற இடங்களில் வேளச்சேரியும் ஒன்று.

இதை வைத்தே இது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று முடிவு கட்ட வேண்டாம். பம்பர் உடைந்து கிளெய்ம் வாங்கியிருக்கலாம். பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாளுக்கு மேல் விட்டிருந்தாலும் தள்ளுபடி போய்விடும். உரிமையாளர் தன் என்.சி.பி.யை வேறொரு புது வண்டிக்கு மாற்றியிருந்தாலும் இப்படி ஆகும். ஆனால் 'ஒரு கிளெய்ம்கூட இல்லை' என்ற பேச்சை இனி அப்படியே ஏற்க முடியாது. தரகரை விட்டுவிட்டு உரிமையாளரிடமே கேளுங்கள்: 2023-24, 2024-25 பாலிசி நகல்களும், கிளெய்ம் இருந்தால் சர்வே ரிப்போர்ட்டும் (இன்ஷூரன்ஸ் சர்வேயர் எழுதிய சேத அறிக்கை), ரிப்பேர் பில்லும் வேண்டும். பில்லில் பம்பர், ஹெட்லைட் என்று இருந்தால் நிம்மதி. வயரிங், கார்ப்பெட், சீட், ஈ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) என்று இருந்தால் இந்த வண்டியை விட்டுவிடலாம். 3,500 ரூபாய்கூட மிச்சம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் எழுதியுள்ள வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அந்த வண்டியை முழு நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடும். அப்படிக் கழிக்கப்பட்ட வண்டிகள் எல்லாமே காயலான் கடைக்குப் போவதில்லை. வாங்கிக் கழுவி, சீட் மாற்றி, மறுபடி சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 200 பாயின்ட் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஹார்ன், வைப்பர், நான்கு கதவின் கண்ணாடி, ஜாக்கி, ஸ்பீக்கர் என்று எண்ணினாலே ஐம்பது பாயின்ட் நிறைந்துவிடும். உங்கள் பணத்தைத் தின்னக்கூடியவை சில இடங்கள்தான்: பாடியின் எலும்புக்கூடு, இன்ஜின், கியர்பாக்ஸும் கிளட்ச்சும், வயரிங்கும் ஏர்பேக்கும், சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரஸர். எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த ரிப்போர்ட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று பாருங்கள். வண்டி விற்றால் வருமானம் வருகிறவர் எழுதியது அது. அவர் பொய் எழுதியிருப்பார் என்று சொல்லவில்லை. எதைப் பார்க்காமல் விட்டார் என்பது அதில் இருக்காது.

1,200 ரூபாய்க்காரரை வேண்டாம் என்பதும் இதனால்தான். வண்டி கைமாறினால்தான் அவர்களுக்குக் கடன் கமிஷன். 'வாங்காதீர்கள்' என்று எழுதினால் அவர்கள் வருமானமே போகும். கடன் தரும் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும், அதையும் சோதனை என்று நினைத்துவிடாதீர்கள். கடனுக்கு ஈடாக வண்டி என்ன விலை பெறும் என்று பார்ப்பது அவர் வேலை. பாலிசி காலாவதியான வண்டிக்கு இன்ஷூரன்ஸ்காரர் எடுக்கும் போட்டோவும் அப்படித்தான், ஏற்கெனவே உள்ள சேதத்தைப் பதிந்துகொள்வதற்கு மட்டும்.

பணம் கொடுத்து ரசீது வாங்குவதில் சட்டப்படியும் ஒரு லாபம் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இலவசமாகச் செய்வதை 'சேவை' என்ற வரையறைக்குள்ளேயே சேர்ப்பதில்லை. நீங்கள் கட்டணம் கட்டினால்தான் குறைபாட்டுக்குக் கேள்வி கேட்கும் நுகர்வோர் ஆகிறீர்கள். ஆகவே ஜிபே அனுப்பியதோடு விடாமல், வண்டி எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள்.

3,500 ரூபாய்க்காரரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். முன்பு வேறு யாருக்கோ எழுதிய ரிப்போர்ட் ஒன்றை, பெயரும் எண்ணும் மறைத்து, அனுப்பச் சொல்லுங்கள். 'இன்ஜின் ஓ.கே., பாடி குட்' என்று மட்டும் இருந்தால் வேண்டாம். அளவுகளும் படங்களும் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ராம்ப்பும் டெஸ்ட் டிரைவும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இதை ஒழுங்காக முடிக்க முடியாது. பார்க்கிற ஆளின் பெயர் ரிப்போர்ட்டில் இருக்குமா, முடிந்ததும் அவரே உங்களோடு கால்மணி நேரம் போனில் பேசுவாரா என்றும் கேளுங்கள். எழுதத் தயங்குவதைப் பேச்சில் சொல்லிவிடுவார்கள், 'உங்க இடத்துல நானா இருந்தா வாங்குவேனா' என்ற கேள்விக்குப் பதில் அப்போதுதான் வரும். வண்டியில் என்ன சந்தேகம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் விஷயத்தில் அது வெள்ளம்.

வெள்ளத்தைத் தேடுகிறவர் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியின் மூலையில் வண்டலோ துருவோ இருக்கிறதா என்று பார்ப்பார். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தையும் போல்ட்டையும் பார்ப்பார். வண்டிக்குள் இருக்கும் போல்ட் துருப்பிடிக்க வேறு காரணம் அதிகம் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், சுருளுக்குள் இருந்த பகுதியில் கறைக்கோடு தெரியும். சீட்டைக் கழுவுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டரைக் கழற்றினால், செம்பு பச்சை பூத்திருக்கிறதா என்று தெரியும். மூழ்கிய வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். கனெக்டரில் பூத்த பச்சை பல மாதம் கழித்துத்தான் ஏர்பேக் லைட், பவர் ஸ்டியரிங், சென்ட்ரல் லாக் என்று ஒவ்வொன்றாக வேலையைக் காட்டும்.

ஏர்பேக்குக்கு உங்கள் கண்ணே போதும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விளக்கின் இணைப்பையே துண்டித்திருக்கலாம்.

பெயின்ட் மீட்டர் கட்டாயம் கொண்டுவர வேண்டும். கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். 250, 300 என்று காட்டினால் மறுபடி அடித்தது. 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். சென்னை நெரிசலில் ஒரு கதவிலோ ஃபெண்டரிலோ (முன்சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடு) 280 வந்தால் பதற வேண்டாம், உரசல் பட்டிருக்கும். கூரையிலும் பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூண்) 400 வந்தால் வண்டி உருண்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பானெட்டுக்குள்ளே ஏப்ரனில் (இன்ஜினுக்கு இருபக்கமும் உள்ள உள்தகடு) கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா, ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா என்று படம் கேளுங்கள். பிளாஸ்டிக் பம்பருக்கும் மைக்ரான் அளவு எழுதித் தருகிறவரை நம்ப வேண்டாம். வழக்கமான மீட்டர் உலோகத்தின்மேல்தான் அளக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் 'கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை' என்று வருவது மட்டும் போதாது. விற்பதற்கு முந்தின நாள் குறியீடுகளை அழித்துவிட்டாலும் அப்படித்தான் காட்டும். அழித்தவுடன் கம்ப்யூட்டரின் சுயசோதனைகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். அவை மறுபடி முடிய வண்டி ஓரளவு தூரம், பல விதமான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் ஓடும் வண்டி என்று சொல்லிவிட்டு, சோதனைகள் பாதிக்குமேல் முடியாமல் இருந்தால் யாரோ அழித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தின் படமும் ரிப்போர்ட்டில் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

41,000 கிலோமீட்டரைச் சரிபார்க்க, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் பதிந்த கிலோமீட்டர் கணக்கை உரிமையாளரை விட்டே எடுக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1521 என்றால் 2021ஆம் ஆண்டின் 15ஆவது வாரம். 2018 வண்டிக்கு 2021லேயே நான்கு டயரும் மாறியிருந்தால், அதற்குள் எவ்வளவு ஓடியது என்று கேட்க வேண்டியிருக்கும்.

சோதனைக்கு வருகிறவர் போய்ச் சேரும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் நீலப்புகையும் செயின் சத்தமும் தெரியும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதையே ஒரு குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்) அளவும் கேளுங்கள். ஒன்றுக்கொன்று 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்ஜினைப் பிரிக்கும் செலவு அருகில் இருக்கிறது. சிலர் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

ஆளை அனுப்புமுன் காசில்லாமல் முடியும் வேலைகள் உண்டு. அரசின் பரிவாஹன் தளத்தில் ஆர்.சி. விவரம், எத்தனையாவது ஓனர், ஹெச்.பி. (வண்டிமீது பதிந்துள்ள கடன்) நிலுவை, அபராதச் சலான் பாக்கி ஆகியவற்றைப் பாருங்கள். ஹெச்.பி. இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் வராமல் பெரிய தொகை போகக் கூடாது. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்த இடத்திலேயே படம் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவது சோதனைக்காரர் வேலை.

உங்கள் கணக்கில் எனக்குக் கவலை தருவது வேறு. 5.40 லட்சத்தை அப்படியே கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 2.40 லட்சம் கடனுக்கு 12 சதவீதத்தில் 3 ஆண்டுக்கு மாதம் சுமார் 7,970 ரூபாய் தவணை. முதல் ஆண்டிலேயே கிளட்ச்சும் டயரும் வந்தால் தவணைக்கு மேலே அதையும் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாயைத் தனியே வைத்துவிட்டு மீதிக்குள் விலை பேசுங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் என்.சி.பி. உங்களுக்கு வராது, மீதி மாதங்களுக்கான அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

விலை குறைக்க உதவுவதும் இந்த ரிப்போர்ட்தான். வெள்ளம், எலும்புக்கூட்டில் அடி, வெடித்த ஏர்பேக், எண் பொருந்தாமை ஆகியவற்றுக்குப் பேரமே வேண்டாம், எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் மாதிரி செலவுகளுக்குத் திருச்சியிலேயே ஒரு ஷெட்டில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். 'கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்' என்றால் இரண்டாயிரம் குறைப்பார்கள். எஸ்டிமேட் காகிதத்தைக் காட்டினால் பேச்சு அந்தத் தொகையிலிருந்து தொடங்கும். சீட் தேய்மானம், சின்னக் கீறல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

தரகர் டோக்கன் இல்லாமல் நிறுத்த மாட்டேன் என்றால், ஆயிரமோ இரண்டாயிரமோ மட்டும், உரிமையாளரின் கணக்கிலேயே போடுங்கள். 'என் செலவில் நடக்கும் சோதனை திருப்தி இல்லையென்றால் முழுத்தொகையும் திரும்ப வரும்' என்று வாட்ஸ்அப்பில் உரிமையாளர் ஒப்புக்கொண்ட பிறகு போடுங்கள். ராம்ப்பில் ஏற்றவே சம்மதிக்காத வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வாங்குவதென்று முடிவானால், டெலிவரி நாளில் ரிப்போர்ட் படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கும் டெலிவரிக்கும் இடைப்பட்ட நாட்களில் நல்ல டயரும் பேட்டரியும் ஸ்டெப்னியும் மாறிப்போவது நடக்கிறது. ஐந்து டயரின் தேதி எண்ணையும் பேட்டரியின் சீரியல் எண்ணையும் படத்தோடு ஒப்பிட்ட பிறகு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29இல் இரண்டு பிரதியிலும் படிவம் 30இலும் கையெழுத்து வாங்கி, நாளும் நேரமும் குறித்த டெலிவரி நோட்டைப் பெற்றுக்கொண்டு பாக்கித் தொகையை அனுப்புங்கள்.